சனிக்கிழமைகளில் கனக்கும் ஸ்டியரிங்

ஒரு பொருள் கனக்கிறது என்றால், கனம் அந்தப் பொருளில் இருக்கிறதா, அதைப் பிடித்திருக்கும் கையில் இருக்கிறதா?

மாடிப்படியில் உட்கார்ந்து டாக்சியக்கா இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. எடையைப் பற்றிப் பள்ளியில் படித்ததெல்லாம் தராசோடு நின்றுபோயிருந்தது. அக்காவும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இடது தோளைத் தடவிக்கொண்டே எழுந்து மேலே போய்விட்டாள். அவளுடைய பிழைப்பே அந்தக் கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் தூணுக்கும் சுவருக்கும் நடுவே நிற்கும் வெள்ளைக் கார் அவளுடையது. அவள் ஏற்றிப்போகிறவர்களில் பாதிப்பேர் நோயாளிகள். உயிர் போகிற அவசரக்காரர்கள் அல்ல. வாராவாரம் ரத்தம் சுத்திகரித்துக்கொள்ளப் போகிறவர்கள், கட்டு மாற்றப் போகிறவர்கள், கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு வழி தெரியாமல் திரும்புகிறவர்கள். அவர்களுக்கு அக்காவைப் பிடித்ததற்குக் காரணம் ஒன்றுதான். அவள் வண்டியைத் திருப்பினால் திருப்பியதே தெரியாது. ஆஸ்பத்திரி வாசலுக்கு ஏறும் சாய்தளம் பாம்பு மாதிரி வளைந்து போகும். மற்ற ஓட்டுநர்கள் அங்கே முன்னும் பின்னும் எடுத்துத் திணறுவார்கள். அக்கா ஒரே வீச்சில் ஏறுவாள். ஏறி நிறுத்திவிட்டு, தனக்குத்தானே ஒரு சின்னத் தலையாட்டு.

அவள் கணவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்சில் ஒரு கைரேகை இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. கடையில் பிடித்த அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. குழாய், கதவுப் பிடி, சுவிட்ச் பலகை என்று கண்ணில் பட்டதையெல்லாம் துடைப்பார். கட்டடத்தில் அவருக்குப் 'பளபளா' என்று பெயர். தினமும் காலையில், அக்கா வண்டியை எடுத்துக்கொண்டு போனதும், வாளியும் பிரஷுமாக இறங்கி வண்டி நின்ற தரையைக் கழுவுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் பானெட்டைத் திறந்து இன்ஜினையும் விட்டுவைக்க மாட்டார். ஊரில் இன்ஜினைத் திறந்தால் மண் தெரியும். அவர்கள் வண்டியில் முகம் தெரியும்.

அவர் தேய்த்த குளியலறைத் தரையில்தான் அக்கா வழுக்கி விழுந்தாள்.

இடது தோள் எலும்பு முறிந்தது. தகடு வைத்தார்கள். பல மாதங்கள் வண்டி உறைக்குள் கிடந்தது, அக்கா வீட்டுக்குள் கிடந்தாள். கடைசியில் டாக்டர், "ஓட்டலாம், பாரம் மட்டும் தூக்க வேண்டாம்" என்றார். ஸ்டியரிங் ஒரு விரலில் சுற்றுகிற வண்டிதானே, அதிலென்ன பாரம் என்று அக்கா அன்றைக்கே உறையைக் கழற்றினாள்.

மகள்தான் குறுக்கே நின்றாள். அடுத்த ஊரில் பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் இருப்பவள். பேச்சில் அம்மாவுக்குச் சளைத்தவள் அல்ல.

"ஒண்ணு சொல்றேன், கேக்கறியா? கை என்னைக்கு ஸ்டியரிங்கத் திருப்பக் கஷ்டப்படுதோ, அன்னைக்கே சாவிய என்கிட்ட குடுத்துடணும். பின்னாடி உக்காந்திருக்கறவங்க நோயாளிங்கம்மா."

"குடுத்துடறேன்டி."

"சத்தியமா?"

"வண்டி விஷயத்துல நான் என்னைக்காவது பொய் சொல்லியிருக்கேனா?"

"சாப்பிடாமயே சாப்பிட்டேன்னு சொல்லுவ."

"அது வயித்து விஷயம்."

அந்த வாக்குதான் பின்னால் அவள் தூக்கத்தைக் கெடுத்தது.

சனிக்கிழமைகளில் ஸ்டியரிங் கனத்தது. திங்கட்கிழமை பஞ்சு மாதிரி சுற்றும். புதன், வியாழனில் லேசாக முரண்டு பிடிக்கும். சனிக்கிழமை சந்து திரும்பும்போது பல்லைக் கடிக்க வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. திங்கள் வந்தால் மறுபடி பஞ்சு. அக்கா யோசித்துப் பார்த்தாள். வாரம் பூரா உழைத்தால் களைப்பதும், ஒருநாள் ஓய்ந்தால் தெளிவதும் இரும்பின் குணமா, எலும்பின் குணமா? எலும்பின் குணம்தான். அப்படியானால் கைதான். போதாக்குறைக்கு, சனிக்கிழமை மாலை ஒரு வாளித் தண்ணீரை இடது கையால் தூக்கிப் பார்த்தாள். கை நடுங்கியது. நாள் முழுக்க ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிய கை நடுங்காமல் என்ன செய்யும் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

மகளிடம் சொல்லவில்லை. 'இன்னும் கஷ்டப்படவில்லை, களைப்புதான்' என்று வார்த்தைக்கு வார்த்தை வக்கீல் வைத்துத் தனக்குத்தானே வாதாடிக்கொண்டாள்.

சனிக்கிழமை தவறாமல் வருகிற பயணி ஒரு தையல்காரர். சிறுநீரகம் பழுதானவர், வாய் மட்டும் பழுதாகாதவர். ஒருநாள் சாய்தளத்தின் வளைவில் அவர் பின்னாலிருந்து சொன்னார்:

"என்னம்மா, முனகற? ஊசி எனக்குல்ல குத்தப் போறாங்க!"

"நானா முனகினேன்?"

"பின்ன, நானா? நான் முனகினா அளவெடுத்துல்ல முனகுவேன்."

அக்காவுக்கு வெட்கமாகிவிட்டது. அடுத்த வளைவில் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அப்படியும் எங்கிருந்தோ 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் கேட்டது. வாய் மூடியிருக்கும்போது முனகுவது யார்? அன்று இரவு முழுக்க அந்தச் சத்தம் அவள் மண்டைக்குள் ஓடியது. ஒருவேளை வண்டியோ?

திங்கட்கிழமை மெக்கானிக்கிடம் போனாள். பட்டறை வாசலில் இறங்கும்போதே, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதையா இருந்தாச் சிரிக்காத தம்பி" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தாள்.

மெக்கானிக் நல்ல வேலைக்காரன். பானெட்டைத் திறந்து ஸ்டியரிங் எண்ணெய் டப்பாவைப் பார்த்தான். எண்ணெய் மேல் கோடு வரை அப்பழுக்கில்லாமல் நின்றது. கீழே படுத்துப் பார்த்தான். ஒரு சொட்டு இல்லை, ஒரு கறை இல்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பிப் பார்த்தான். பஞ்சு. முனகலும் இல்லை.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. வண்டி நேத்துதான் கம்பெனியவிட்டு வந்த மாதிரி இருக்கு. கைய ஒருதரம் டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

"அப்ப கூடம் கோணல் இல்லங்கற."

"கூடத்துல முகம் பாத்துத் தலையே சீவலாம்."

சிரித்துக்கொண்டேதான் திரும்பினாள். அன்று மாலை மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டதுதான், நான் முதலில் சொன்ன கேள்வி.

பிறகு பளபளா வெளியூர் போனார். அவருடைய தமக்கைக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை; கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. போகும்போது, "தரையப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா தரையைப் பார்த்துக்கொள்ளவில்லை. ஒற்றைக் கையால் எந்தத் தரையைத் தேய்ப்பது?

அந்த ஞாயிறும் ஓய்வெடுத்தாள். ஆனால் திங்கட்கிழமை ஸ்டியரிங் பஞ்சாக இல்லை. சனிக்கிழமைக் கனம் அப்படியே நின்றது. ஓய்ந்தும் தெளியாத கை என்றால் முடிந்த கை என்றுதானே அர்த்தம்? அடுத்த நாள் இன்னும் மோசம். அந்த வாரம் தையல்காரருக்கு முறை மாற்றி வரச் சொல்லியிருந்தார்கள். சாய்தளத்தின் வளைவில் ஸ்டியரிங் பாதியில் நின்றுவிட்டது. அக்கா இரண்டு கையாலும் இழுத்தாள். தோளில் சுரீரென்றது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. பின்னுக்கு எடுத்து, முன்னுக்கு எடுத்து, மறுபடி பின்னுக்கு எடுத்து ஒருவழியாக ஏறினாள். தையல்காரர் வாயே திறக்கவில்லை. அவர் கேலி செய்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அவரை இறக்கிவிட்டு, வண்டியிலிருந்தே மகளுக்குப் போன் செய்தாள்.

"வந்து சாவிய வாங்கிக்கோ."

"என்னம்மா ஆச்சு?"

"வாக்கு ஆச்சு."

மறுநாள் காலை மகள் வந்தாள். ஜெயித்துவிட்ட முகமில்லை அவளுக்கு. கீழ்த்தளத்தில் தூண் ஓரமாக இருவரும் நின்றார்கள். அக்கா சாவியை நீட்டினாள். அதில் கோத்திருந்த சின்ன மணி கிணுகிணுத்தது. மகள் வாங்கிக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் டயரைப் பார்த்தாள்.

"வண்டிய என் வீட்டுக்கே எடுத்துட்டுப் போறேன்மா. இங்க நின்னா உனக்குப் பாத்துப் பாத்து மனசு கேக்காது."

"எடுத்துட்டுப் போ. தூணப் பாத்து எடு."

மகள் ஏறி உட்கார்ந்தாள், கிளப்பினாள், தூணைத் தவிர்க்க ஸ்டியரிங்கை வளைத்தாள். வளைத்தாள் என்றா சொன்னேன்? வளைக்கப் பார்த்தாள். ஸ்டியரிங் அசைந்து கொடுக்கவில்லை. இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் பிடித்து, முகம் சிவக்க இழுத்தாள்.

"அம்மா! இதையா நீ தினமும் திருப்பிட்டிருந்த?"

"ஏன்? எப்படி இருக்கு?"

"பீரோவ நகத்தற மாதிரி இருக்கு!"

அக்கா ஜன்னலருகே வந்தாள். "இன்னொருதரம் திருப்பு."

மகள் திருப்பினாள். 'ம்ம்ம்ம்' என்று சத்தம் வந்தது.

"நீயாடி முனகின?"

"நான் இல்லம்மா."

"நானும் இல்ல."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மெதுவாக, இருவருமே பானெட்டைப் பார்த்தார்கள்.

மகள் எப்படியோ வண்டியை அதன் நீளத்துக்கு முன்னால் நகர்த்தி நிறுத்தினாள். வண்டி நின்ற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பும் பழுப்புமாக ஒரு கறை. அக்கா முட்டி போட்டு உட்கார்ந்து தொட்டாள். வழுவழுப்பு. மோந்து பார்த்தாள். பெட்ரோல் வாசனை இல்லை. பளபளா இருந்த காலத்தில் அந்தத் தரையில் ஒரு நிழல்கூடக் கறையாகத் தங்கியதில்லை. அவர் போய் இத்தனை நாளில் தரை தன் பாட்டுக்கு ஒரு சாட்சியை எழுதி வைத்திருந்தது.

தொலைபேசியில் விஷயத்தைக் கேட்டதும் மெக்கானிக், "வண்டிய அசைக்காதீங்க, நானே வரேன்" என்றான். பையோடு வந்து எண்ணெய் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். அடிமட்டத்தில் கொஞ்சம் நுரை மட்டும் இருந்தது.

"அன்னைக்கு ரொம்பி நின்னுச்சேக்கா! யாரு குடிச்சது?"

"ஓடின ஓட்டத்துல தீந்திருக்காதா?" என்றாள் மகள்.

"இது எரிஞ்சு தீர்ற எண்ணெய் இல்லம்மா. பம்ப் தள்ளிவிடும், போய்ச் சக்கரத்தத் திருப்ப உதவும், டப்பாவுக்கே திரும்பி வந்துடும். போனது வரணும். கொறஞ்சா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம். எண்ணெய் இல்லாம பம்ப் காத்தக் குடிக்கிது, அதான் முனகல். எனக்குப் புரியாதது ஒண்ணுதான். இப்படி ஒழுகற வண்டி, அன்னைக்கு எப்படி ரொம்பியிருந்துச்சு? ஒரு கறைகூட இல்லையே!"

மூவரும் யோசித்தார்கள். சுவர் ஓரம் பளபளாவின் அலமாரி இருந்தது. மெழுகு, பாலிஷ், பிரஷ், மடித்து அடுக்கிய துணிகள் எல்லாம் படை வரிசை மாதிரி நின்றன. அந்த வரிசையில் மகளின் கண் ஒரு பாட்டிலில் நின்றது. உள்ளே சிவப்பாக ஏதோ பாதி இருந்தது. லேபிளில் 'பவர் ஸ்டியரிங்' என்று போட்டிருந்தது.

அக்கா கணவருக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ஏங்க, அலமாரியில சிவப்பா ஒரு பாட்டில் இருக்கே, அது என்னத்துக்கு?"

"அதுவா? ஞாயித்துக்கிழமை தொடைக்கும்போது ஊத்துவேன். டப்பாவுல கோட்டுக்குக் கீழ எறங்கி அசிங்கமா இருக்கும். கோடு வரைக்கும் ஊத்திடுவேன்."

"வாராவாரமா?"

"ஆமா. வைப்பர் தண்ணி தீந்தா ஊத்தறோம்ல, அது மாதிரி. ஏன், தரையக் கழுவறியா?"

"கீழ கறை எதுவும் பாத்ததில்லையா நீங்க?"

"பாக்காம? தினமும் பாப்பேன். பாத்தா விட்டுடுவேனா? இன்ஜின்லகூட ஒரு ரப்பர் குழாய் எப்பவும் பிசுபிசுன்னு இருக்கும். நல்லா அழுத்தித் தொடைச்சிடுவேன்."

மெக்கானிக் வாயைப் பொத்திக்கொண்டான். மகள் பொத்திக்கொள்ளவில்லை, தூணில் சாய்ந்து சிரித்தாள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஞாயிறு நிரம்பி, சனிக்கு வற்றி, மறுபடி ஞாயிறு நிரம்பி... களைத்ததும் தெளிந்ததும் எது என்று அவளுக்கு இப்போது துல்லியமாகத் தெரிந்தது. கண் கொஞ்சம் கலங்கியது.

"என்ன சத்தம் அங்க? நான் ஒரு சொட்டு அதிகமா ஊத்தல, கோடு வரைக்கும்தான் ஊத்தினேன்!" என்று போன் கத்தியது.

"நீங்க வந்ததும் பேசிக்கலாம்" என்று வைத்தாள்.

ஒழுகுகிறது என்பது தெரிந்துவிட்டது. எங்கே ஒழுகுகிறது? பளபளா சொன்ன ரப்பர் குழாயை மட்டும் நம்பி மாற்ற மெக்கானிக் தயாராக இல்லை. "எண்ணெய் ஒழுகற எடம் ஒண்ணு, சொட்டற எடம் ஒண்ணு. குழாய் மேலயே ஓடி வேற எங்கயாவது சொட்டும். ஈரமா இருக்குன்னு கண்டத மாத்தக் கூடாது." இன்ஜினை அணைத்து, எல்லாக் குழாய்களையும் ஈரமில்லாமல் துடைத்தான். பிறகு, "முகத்துக்குப் போடற பவுடர் இருக்கா?" என்று கேட்டான். மகள் ஓடிப்போய் எடுத்து வந்தாள். பம்ப், குழாய், மூட்டுகள் எல்லாவற்றின் மேலும் பவுடரைத் தூவினான். இன்ஜின் கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி வெளுத்து நின்றது. டப்பாவில் புது எண்ணெய் ஊற்றி, அடியில் ஒரு அட்டையை விரித்தான்.

"அக்கா, கிளப்பி மெதுவா ரெண்டு பக்கமும் திருப்புங்க. கோடியில ரொம்ப நேரம் புடிச்சு வைக்காதீங்க."

முதலில் ஒன்றுமில்லை. வண்டி சும்மா நிற்கும்போது பவுடர் வெள்ளையாகவே இருந்தது. அக்கா ஸ்டியரிங்கை இடது கோடிக்குக் கொண்டு போனாள். பம்பிலிருந்து வரும் தடித்த குழாயில், ரப்பரும் இரும்பும் சேரும் பட்டைக்கு அடியில், ஊசிமுனை அளவுக்கு ஒரு கருஞ்சிவப்புப் புள்ளி தோன்றியது. ஸ்டியரிங் நடுவுக்கு வந்ததும் புள்ளி நின்றது. மறுபடி திருப்பியதும் புள்ளி கோடாக நீண்டது. மகள் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"திருப்பும்போது மட்டும் அழுவுது பாரேன்!"

"திருப்பும்போதுதான் அழுத்தம் ஏறும். கைய வைக்காதீங்க, சூடு" என்றான் மெக்கானிக். எட்டிப் பார்த்த அக்காவிடம் நிமிர்ந்து, "அக்கா, அன்னைக்குச் சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன். கூடம் கோணல்தான்" என்றான்.

புதுக் குழாய் வரவழைத்து, வண்டி ஆறியதும் பழையதைக் கழற்றினான். மூட்டில் இருந்த செம்பு வாஷர்களையும் தூக்கிப் போட்டுப் புதிது வைத்தான். ஒருமுறை நசுங்கிய வாஷர் மறுமுறை அடைக்காதாம். அடுத்து, உள்ளே போன காற்றை வெளியேற்ற வேண்டும். முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தினான். இன்ஜினைக் கிளப்பாமலே ஸ்டியரிங்கைக் கோடிக்குக் கோடி திருப்பச் சொன்னான். அக்கா திருப்பத் திருப்ப, டப்பாவுக்குள் குமிழிகள் கிளம்பி வெடித்தன. அவள் இடது கையை மட்டுமே பயன்படுத்தியதை மகள் கவனித்தாள். குமிழி அடங்கியதும் இன்ஜினைக் கிளப்பி மறுபடி திருப்பினார்கள். முனகல் இல்லை. பம்ப் தப்பித்துவிட்டது என்றான் மெக்கானிக்.

பஞ்சு. மகள் சாவியை நீட்டினாள்.

அக்கா வாங்கிக்கொள்ளவில்லை. "இன்னும் இல்லடி. இன்னைக்குப் புது எண்ணெய், எல்லாம் நல்லாத்தான் இருக்கும். சனிக்கிழமை வரட்டும்."

"அதான் குழாய்னு தெரிஞ்சிருச்சேம்மா!"

"குழாயும் இருக்கலாம், கையும் இருக்கலாம். குழாய மாத்தியாச்சு. மிச்சம் என்ன இருக்குன்னு சனிக்கிழமைதான் தெரியும்."

வாரத்தின் மிச்ச நாளெல்லாம் மகள் காலையில் வந்து சாவி கொடுத்து, மாலையில் வாங்கிக்கொண்டு போனாள். நடுவில் பளபளா திரும்பி வந்தார். விஷயம் முழுதும் கேட்டுக்கொண்டார். "கறையத் தொடைக்கறது தப்பா?" என்று கடைசியில் கேட்டார். "தொடைங்க. தொடைக்கறதுக்கு முன்னாடி எங்கேந்து வந்துச்சுன்னு கேளுங்க" என்றாள் அக்கா. "குளியலறையும் சேத்துதான் சொல்றேன்."

சனிக்கிழமை தையல்காரர் பின்னால் ஏறினார். அவர் பக்கத்தில் மகள். அவர் ஒன்றுக்கு இரண்டு முறை அவளைப் பார்த்தார்.

"யாரு, இன்ஸ்பெக்டரா?"

"அதுக்கும் மேல" என்றாள் அக்கா.

சாய்தளம் வந்தது. மகள் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் இடது தோளையே பார்த்தாள். முதல் வளைவு. இரண்டாவது. ஒரே வீச்சில் வண்டி ஏறி வாசலில் நின்றது. அக்கா தனக்குத்தானே ஒரு சின்னத் தலையாட்டு ஆட்டினாள்.

"இன்னைக்கு யாருமே முனகல. எனக்குத் தூக்கம் வந்துருச்சு" என்று தையல்காரர் இறங்கினார்.

மாலையில் வீட்டுக்கு வந்ததும், மகள் சாவியை வாங்கக் கையை நீட்டவில்லை. அக்காதான் பேச்சை எடுத்தாள்.

"வாக்கு அப்படியேதான் இருக்கு. ஆனா இனிமே எனக்குக் கனத்தா, மொதல்ல நீ வந்து திருப்பிப் பாக்கணும். உனக்கும் கனத்தா வண்டி. எனக்கு மட்டும் கனத்தா கை. அன்னைக்கு மறுபேச்சு இல்லாம சாவி உனக்கு."

"சரிம்மா. ஆனா மறைக்கக் கூடாது."

"மறைக்க மாட்டேன். சாப்பிட்டேன்னு மட்டும் சொல்லிக்கறேன்."

இப்போது வண்டிக்கு அடியில், இன்ஜினுக்கு நேராக, ஒரு வெள்ளை அட்டை கிடக்கிறது. அந்த அட்டை கிடக்கிற இடத்தை மட்டும் பளபளா கழுவக் கூடாது என்பது சட்டம். அவர் அதற்குக் கட்டுப்படுகிறார். ஆனால் அட்டையின் ஓரத்தை அளவுகோல் வைத்து நேராக வெட்டியிருக்கிறார். காலையில் குனிந்து அதைப் பார்ப்பதுதான் அவருடைய முதல் வேலை.

மாடிப்படியில் கேட்ட கேள்விக்கு இப்போது எனக்குப் பதில் தெரியும்: இன்னொரு கையில் கொடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும். இவ்வளவு சின்ன விஷயம், சாவியைக் கொடுக்கும்வரை அக்காவுக்குத் தெரியவில்லை. யாரிடமும் சொல்லாமல் தன் கையையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தால் எப்படித் தெரியும்? உங்களுக்குத் தெரிந்தவர்களில் அப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். இந்தக் கதையை அவருக்குச் சொல்லுங்கள். அவர் வீட்டில் ஒரு பளபளாவும் இருந்தால், அவருக்கும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.